கயிறு தொங்குகிறது, சட்டம் தூங்குகிறது!

எர்ணாவூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டினாற்போல் ஒரு தேநீர்க் கடை. கடையின் தூணிலே ஒரு கயிறு தொங்குகிறது. தேங்காய் நாரில் திரித்த கயிறு, நுனியிலே நெருப்பு. விடியுமுன் கொளுத்தப்படும் அந்த நெருப்பு, கடை சாத்தும்வரை அணைவதில்லை. துறைமுகத்துக்குள் நுழைய எப்போது முறை வரும் என்று எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டிக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரியின் ஓட்டுநர் வருகிறார், கயிற்றை இழுக்கிறார், பீடியைப் பற்றவைக்கிறார். இரவு ஷிப்டு முடித்துக் கண் சிவந்த தொழிலாளத் தோழர் வருகிறார்; அவரும் இழுக்கிறார். அவர்களுக்கு நடுவே, பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நிற்கிறது ஒரு பெண்பிள்ளை. பத்து வயது இருக்கலாம். கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறது.

சென்ற கிழமை அங்கே நானும் நின்றேன். கடைக்காரரிடம் கேட்டேன்: "அண்ணே, இந்தக் கயிறு சட்டத்துக்கு விரோதம், தெரியுமா?" அவர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கயிறுகூடவா தப்பு? இன்னா தம்பி சொல்றீங்க!" என்றார். கடையில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள்.

சிரித்தது அவர்கள் குற்றமல்ல. சொல்லியிருக்கவேண்டியவர்கள் சொல்லவில்லை, ஆகவே அவர்களுக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக இருக்கிற சட்டம் இது, தோழர்களே! 1999இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2ஆம் நாள், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கிலே உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதைச் சொல்லிற்று. புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் தடுக்கத் தமிழ்நாடு 2002இலேயே தனிச் சட்டம் கண்டது. 2003இல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விதிகள் கூர்மை பெற்று 2008 அக்டோபர் 2ஆம் நாள் நடப்புக்கு வந்தன. அன்று மத்திய நல்வாழ்வு அமைச்சராக இருந்து அதை முன்னின்று செய்தவர் அன்புமணி இராமதாசு. அவர் மாற்றுக் கட்சிக்காரர். ஆனால் என்ன? நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நமக்கென்ன நாக்கு கூசுமா?

அந்த விதிகள் சொல்வது என்ன? உணவகத்தில் புகைக்கக் கூடாது. கேன்டீனில் கூடாது. திரையரங்கில், மருத்துவமனையில், நூலகத்தில், நீதிமன்றத்தில், வேலை செய்யும் இடத்தில் கூடாது. திறந்த வெளிதானே என்று தப்பிக்கவும் வழியில்லை; ரயில் நிலையமும் பேருந்து நிறுத்தமும் அந்தத் தடைக்குள் அடக்கம். இடத்துக்கு உரியவர் சாம்பல் கிண்ணம் வைக்கக் கூடாது. தீப்பெட்டி தரக் கூடாது. லைட்டர் தரக் கூடாது. தொங்குகிற கயிறு வேறென்ன? வத்தி இல்லாத தீப்பெட்டிதானே! யாரிடம் புகார் சொல்வது என்று பெயரெழுதிப் பலகை வைக்கவேண்டும். புகார் வந்தும் உரியவர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றத்துக்கும் அவர் அபராதம் கட்டவேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. எர்ணாவூரில்? கயிறு இருக்கிறது.

"போய்யா! தலைக்கு மேலே தொழிற்சாலைப் புகை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றை நாசமாக்கிற்று. அதே திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து ஊரே மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஏழையின் பீடிக்கு வந்துவிட்டாயா?" என்று ஒரு தோழர் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. எனவே அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

தோழரே, அந்தப் புகையை யார் மன்னித்தார்கள்? அந்த வழக்கு வேறு. அதில் ஓர் அங்குலமும் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தொழிலாளி இருமுகிறான். "பீடி குடிக்கிறான், இருமுகிறான்" என்கிறது ஆலை நிர்வாகம். "எண்ணூரிலே இருக்கிறான், இருமுகிறான்" என்கிறது புகையிலைக் கம்பெனி. இவனைக் காட்டி அவன் தப்புகிறான். அவனைக் காட்டி இவன் தப்புகிறான். இருவருக்கும் இடையே நசுங்குவது ஒரே நெஞ்சு! அமெரிக்காவில் கல்நார் கொண்டு காப்புறை போடும் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979இல் கணக்கு வெளியிட்டார்கள். புகைக்காத, கல்நாரும் தொடாத மனிதனோடு ஒப்பிட்டால், கல்நாரில் வேலை செய்தும் புகைக்காதவனுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 5 மடங்கு. கல்நாரிலும் வேலை செய்து, புகையும் பிடித்தவனுக்கு? 50 மடங்குக்கு மேல்! ஐந்தும் ஐந்தும் பத்து என்று கூட்டிக்கொண்டிருக்கிற கணக்கல்ல இது, பெருக்குகிற கணக்கு. பழைய கப்பல்களின் எந்திர அறைகளிலும் பழைய கொதிகலன்களின் மேலுறைகளிலும் என்ன இருந்தது என்று வடசென்னைத் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆலைப் புகையால் அடிபட்ட நெஞ்சுக்குத்தான், பீடிப் புகை பத்து மடங்கு பகை.

எங்கோ அமெரிக்காவில் நடந்த கணக்கு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நம் சென்னையிலேயே எடுத்த கணக்கு ஒன்று உண்டு. டாக்டர் வேந்தன் கஜலட்சுமி என்ற தமிழ்ப் பெண்மணி, சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, அவர் புகைத்தாரா, எந்த நோயில் போனார் என்று விசாரித்தார். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார். முடிவு 2003 ஆகஸ்டில் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் வந்தது; உலகமே திரும்பிப் பார்த்தது. புகைக்கும் ஆண், காசநோயால் சாகிற வாய்ப்பு, புகைக்காதவனைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவுக்குப் புகை காரணம். புகைப்பவர்களில் நால்வரில் ஒருவர் 70 வயதைக் காணுமுன்பே புகையால் போகிறார். போகிறவர் இழப்பது சுமார் 20 ஆண்டு வாழ்வு.

20 ஆண்டு என்றால் என்ன? என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாளுக்கு இரண்டு கட்டு பீடி. காசநோய் என்றார்கள், மாத்திரை தந்தார்கள், பாதியில் நிறுத்தினார், மீண்டும் வந்தது. 51ஆவது வயதில் போனார். இன்னும் 20 ஆண்டு இருந்திருந்தால் என் மகளுக்கு அவர் பெயர் வைத்திருப்பார்; என் முதல் மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்; தவறாகப் பேசினால் அங்கேயே எழுந்து திட்டியும் இருப்பார். அந்த 43,000 பேரில் என் தந்தை இல்லை. அவர் பின்னால் போனவர். ஆனால் அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டு எழுதியதுபோலவே இருக்கிறது எனக்கு.

"என் காசு, என் பீடி, என் நெஞ்சு; உனக்கென்ன?" இது அடுத்த கேள்வி. வீரமான கேள்விதான். ஆனால் புகைக்கு இந்த எல்லைக்கோடெல்லாம் தெரியுமா, தோழரே? உன் வாயிலிருந்து வெளியேறிய பிறகு அது யார் நெஞ்சுக்குப் போகிறது? ஜப்பானில் ஹிராயாமா என்ற அறிஞர் 1981இல் காட்டினார்: தாங்கள் புகைக்காவிட்டாலும், கடுமையாகப் புகைக்கும் கணவர்களைக் கட்டிக்கொண்ட மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகையிலையால் ஆண்டுதோறும் உலகில் 70 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்கிறது உலக நல்வாழ்வு நிறுவனம். அவர்களில் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளும் பற்றவைக்காதவர்கள். நோட்டுப் புத்தகத்தால் மூக்கை மூடிக்கொண்டு நின்றதே ஒரு பிள்ளை, அது எந்தக் கடையில் போய் "என் நெஞ்சு, என் உரிமை" என்று கேட்பது?

அயர்லாந்து என்று ஒரு சிறு நாடு. குடித்துவிட்டுப் பாடுவதிலும் புகைத்துக்கொண்டு வாதாடுவதிலும் பெயர் பெற்ற நாடு. மதுக்கடை உள்பட வேலை நடக்கும் இடம் எதிலும் புகை கூடாது என்று உலகில் முதன்முதலாக நாடு முழுவதற்கும் சட்டம் செய்ததும் அந்த நாடுதான். 2004 மார்ச் 29. அந்தச் சட்டத்துக்கு அவர்கள் சொன்ன காரணம்தான் நமக்கு வேண்டியது. "புகைக்கிறவன் திருந்தவேண்டும்" என்று அவர்கள் உபதேசம் செய்யவில்லை. "மதுக்கடையில் கோப்பை கழுவுகிறவனும் தொழிலாளி, நாள் முழுவதும் பிறர் புகையைக் குடிக்கவேண்டும் என்பது அவன் வேலை நிபந்தனை அல்ல" என்றார்கள். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமாகவே அதைக் கொண்டுவந்தார்கள். எர்ணாவூர்த் தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவுகிற பையனும் தொழிலாளிதான். எட்டு மணி நேர வேலைக்காகவும் போனசுக்காகவும் கொடி பிடித்த நாம், அவன் மூச்சுக்காக எப்போதாவது வாய் திறந்திருக்கிறோமா?

இனி, சட்டத்தில் உள்ள ஓட்டைகளுக்கு வருவோம். முதல் ஓட்டை, அபராதம். பொது இடத்தில் புகைத்தால் மத்தியச் சட்டப்படி அதிகமாகப் போனால் 200 ரூபாய். அண்டையிலுள்ள கர்நாடகம் தன் அளவில் சட்டத்தைத் திருத்தி அதை 1,000 ரூபாயாக்கிற்று. புகையிலை வாங்கும் வயதை 21ஆக உயர்த்திற்று. சிகரெட்டைச் சில்லறையாக விற்பதையும் தடுத்தது. கர்நாடகத்தால் முடிந்தது தமிழகத்தால் முடியாதா?

அந்தச் சில்லறை விற்பனைதான் பெரிய ஓட்டை. 2016 ஏப்ரல் முதல், பெட்டியின் முகப்பில் 85 விழுக்காடு இடத்தில் புற்றுநோய்ப் படம் போடவேண்டும் என்பது விதி. படத்தைப் பார்த்தால் பயம் வரும் என்பது எண்ணம். நம் தெருவில் பெட்டியாக வாங்குகிறவன் யார்? ஒன்று கொடு, இரண்டு கொடு என்று வாங்குகிறான். பெட்டி கடைக்காரரிடம், படம் கடைக்காரருக்கு, சிகரெட் மட்டும் இவனுக்கு! கடைக்காரர் ஒருவர்தான் நாள் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்கு உட்பட்டவனுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒற்றைச் சிகரெட் வாங்க, பையனுக்கு மதிய உணவுக்குப் பின் மிச்சமிருக்கும் சில்லறை போதும். இந்தச் சில்லறை விற்பனையை ஒழிக்கவும், ஓட்டல்களிலும் விமான நிலையங்களிலும் புகைப்பதற்கென்று தனி அறை ஒதுக்கும் சலுகையை நீக்கவும் ஒரு திருத்த வரைவை மத்திய அரசு 2021 சனவரியில் மக்கள் கருத்துக்கு விட்டது. கருத்தும் கேட்டார்கள், காலமும் ஓடிற்று, வரைவு கிடப்பிலே கிடந்தது. தேநீர்க் கடைக்காரருக்குத் தனியறை கட்ட வசதியில்லை. 30 அறைக்கு மேல் உள்ள ஓட்டல்காரருக்கு மட்டும் வசதி! விதியிலும் வர்க்க பேதம்.

ஏன் கிடக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி ஐ.டி.சி. அதன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று நம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. அந்தக் கம்பெனியின் பெரிய பங்குதாரர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஆயுள் காப்பீட்டுக் கழகம்! ஒரு கையால் உன் உயிருக்குக் காப்பீடு. மறு கையால் உன் உயிரைக் குடிக்கும் கம்பெனியில் பங்கு. ஆயுளும் அவர்களிடம், ஆயுளைச் சுருக்கும் கத்திரியும் அவர்களிடம்.

சட்டம் இருந்தும் தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வடசென்னை வேறு சான்று தேடவேண்டாம். குட்காவை 2013இல் தடை செய்தார்கள். 2016இல் மாதவரத்துக் குட்கா வியாபாரிகளின் இடங்களில் வருமானவரித் துறை சோதனை போட்டது. கையூட்டுப் புகார் கிளம்பிற்று. 2018 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. இடையில் 2017இல், தடை செய்த பொட்டலம் தாராளமாகக் கிடைக்கிறது பாருங்கள் என்று தி.மு.க. உறுப்பினர்கள் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோய்க் காட்டினார்கள். நோட்டீசு வந்தது, தோழர்களே! விற்றவனுக்கு அல்ல, காட்டியவர்களுக்கு. பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்பது வேறு. எந்த ஆட்சியானாலும் சரி, நம்முடையதே ஆனாலும் சரி, சட்டத்தைக் கோட்டையில் பூட்டி வைத்தால் அதன் சாவி கடைத்தெருவில் விலைபோகும்.

பீடி சுற்றும் தாய்மார்களை மறந்துவிட்டாயா என்ற கேள்வி வரும், வரத்தான் வேண்டும். திருநெல்வேலி, தென்காசி, வேலூர், குடியாத்தம் என்று எத்தனை ஊர்களில் அவர்கள் உலை கொதிப்பதே அந்த இலையாலும் தூளாலும்! ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. குனிந்த முதுகு நிமிர்வதில்லை. மூக்கில் ஏறிய தூள் இறங்குவதில்லை. 1966இல் அவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. பீடிமீது தீர்வை போட்டு அந்தப் பணத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, மருத்துவமனை என்று நடத்தினார்கள். ஜி.எஸ்.டி. வந்த 2017இல் அந்தத் தீர்வையும் போயிற்று. பீடி முதலாளி தாய்மார்களைக் காட்டித்தானே வரிச்சலுகை கேட்கிறான்? 2025 செப்டம்பரில் பீடி வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைக்க முடிவெடுத்தார்களே, குறைந்த பத்தில் சுற்றுகிற கைக்கு எத்தனை வரும் என்று எவராவது கேட்டார்களா? புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்டது; புகையிலைத் தொழிலில் இருப்போருக்கு மாற்றுப் பிழைப்பு தேட உதவவேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்த விதியைக் காட்டி, அந்தத் தாய்மார்களுக்கு வேறு வேலை, அதுவரை நியாயமான கூலி என்று கேட்பது நம் கடமை. அவர்கள் வயிற்றைக் காப்பாற்ற எர்ணாவூர்த் தொழிலாளி தன் நெஞ்சைக் கொளுத்தவேண்டும் என்பது முதலாளி கண்டுபிடித்த தத்துவம்.

இன்னொன்று சொல்லவேண்டும். சொல்லத் தயக்கம்தான், எழுதி எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். 1969 பிப்ரவரி 3. அந்த நாளை நமக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அண்ணாவுக்கு அப்போது 59 வயது. முதலமைச்சராகி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய், நியூயார்க் வரை சென்று அறுவை மருத்துவம் செய்தும் காக்கமுடியவில்லை. அவருக்குப் பொடி போடும் பழக்கமும் புகையிலை போடும் பழக்கமும் இருந்தது நாடறிந்த செய்தி. நம்மவர்கள் அதை ஒரு வேடிக்கைக் கதையைப்போலச் சொல்லி மகிழ்ந்ததும் உண்டு. அந்த நோய்க்கும் அந்தப் பழக்கத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் ஐயமின்றிச் சொல்லிவிட்டது. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அமைதி ஊர்வலம் போய்விட்டுத் திரும்பி வருகிற வழியில், கூட்டமாக நின்று பற்றவைக்கிறோம். நானும் அப்படி நின்றவன்தான். விட்டு ஆறு ஆண்டாகிறது. முதல் பதினைந்து நாள் தூக்கமில்லை. எரிச்சலில் வீட்டில் எல்லோரையும் கடித்தேன். நிகோட்டின் அப்படிப் பிடிக்கும். அது அடிமையாக்காது என்று 1994இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொன்னார்கள். பொய்யிலும் கூட்டுறவு! விடமுடியாமல் தவிக்கும் தோழர்கள் 1800112356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். திட்டமாட்டார்கள், வழி சொல்வார்கள்.

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். எர்ணாவூரில் நம் தோழர்கள் நடத்தும் படிப்பகத்துக்கு எத்தனையோ மாலைகள் போயிருக்கிறேன். பத்திரிகைகள் ஒரு மேசையில். கேரம் பலகை ஒரு மூலையில். சன்னலோரம் ஒரு தேங்காய்ச் சிரட்டை, நிறையப் பீடித் துண்டுகள். படிக்க வருகிற பையன்கள் அந்தச் சிரட்டைக்கு அருகில்தான் உட்காருகிறார்கள்; வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. நூலகம் பொது இடம் என்கிறது சட்டம். படிப்பகம் நூலகம் இல்லையா? நாமே மீறிக்கொண்டு, சப்-இன்ஸ்பெக்டர் ஏன் வரவில்லை, நகராண்மை ஏன் தூங்குகிறது என்று எந்த முகத்தோடு கேட்பது? கயிற்றுக் கடைக்காரர் நம்மைப் பார்த்து மறுபடியும் சிரிக்கமாட்டாரா?

விதியில் பலகையின் அளவுகூடச் சொல்லியிருக்கிறது: 60 செண்டிமீட்டருக்கு 30 செண்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி, சிவப்பு வட்டத்துக்குள் புகையும் பீடி, குறுக்கே சிவப்புக் கோடு, 'இங்கே புகைபிடிப்பது குற்றம்' என்ற எழுத்து, கீழே, புகார் சொல்லவேண்டியவரின் பெயர். பலகையை எழுதக் கொடுத்தாயிற்று. நம் கட்சிச் சுவர் எழுதும் தோழர்தான் எழுதுகிறார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எர்ணாவூர்ப் படிப்பகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். சிரட்டையை யாராவது அதற்குள் அப்புறப்படுத்தி வையுங்கள். புகார் கேட்பவர் யார் என்பதை அன்று கூடித் தீர்மானித்துப் பெயரை எழுதிக்கொள்ளலாம். அங்கே ஆணி அடித்த கையோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறோம், கடைக்காரரைப் பார்க்க. அவருக்கும் ஒரு பலகை தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.